பாஸ் என் பையிலதான் இருந்துச்சு

ஐசியூவுக்கு ஒரே ஒரு பாஸ்தான் குடுப்பாங்க. அப்பாவோ அம்மாவோ, ஒருத்தர்தான் உள்ள போவணும். எங்க பாப்பாவுக்கு மூணு வயசு, டெங்கு. நாலு நாளா அந்த பாஸ நான்தான் வெச்சிகினு இருந்தேன். என் பொண்டாட்டி செல்வி கேட்டா, "நீ அழுவ, புள்ள பயந்துடும். இங்கயே குந்து"ன்னு திட்டுவேன்.

வாசல்ல ஒரு செக்யூரிட்டி அக்கா. ஒருநாள் பாஸ பைக்லயே வெச்சிட்டு வந்துட்டேன், உள்ள விடமாட்டேன்னு திருப்பி அனுப்புச்சு. அதுலேர்ந்து எனக்கு அது மேல காண்டு.

அஞ்சாவது நாள் ரத்தம் குடுக்க ஆள் கூட்டியார பொத்தேரி போனேன், பாஸ் பையில. திரும்பி வந்தா செல்வி பெஞ்சுல இல்ல. அந்த அக்கா பாஸ் இல்லாமயே அவள உள்ள விட்ருக்கு.

"எனக்கு மட்டும் ரூல்ஸ் பேசுன, இப்ப இன்னா ஆச்சு? கூப்புடு உன் சூப்பர்வைசர."

"புள்ள அம்மாவ கேட்டுச்சாம், நர்ஸே வந்து கூப்ட்டாங்க. அப்பறமா சண்ட போடலாம் தம்பி, நீயும் உள்ள போ."

நான் போவல. அங்கயே நின்னு கத்திகினு இருந்தேன். சூப்பர்வைசர் வரதுக்குள்ள செல்வி வெளிய வந்தா. அவ மூஞ்சிய பாத்ததும் தெரிஞ்சிபோச்சு.

காரியம் முடிஞ்ச அன்னிக்குதான் செல்வி என்கிட்ட பேசுனா. "வெளிய நீ கத்துனது உள்ள கேட்டுச்சு. பாப்பா 'அப்பா வந்துச்சு'ன்னு சொல்லிட்டு கதவையே பாத்துகினு இருந்தா."

நான் நின்ன எடத்துக்கும் அந்த கதவுக்கும் பத்தடி கூட இருக்காது. அந்த அக்கா தள்ளிதான் நின்னுச்சு. அன்னிக்கு என்னை யாரும் தடுக்கல.