ஒரு நூல் வித்தியாசம்

போன வருடம் குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். குத்தாலத்தை அடுத்த எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் உள்ள என் கொட்டகையில் நடந்தது இது. நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பொழுது போகட்டும் என்று ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கிப் போட்டு, செல்போனில் வீடியோ பார்த்து இரும்பு குடையக் கற்றுக்கொண்டவன். என் மனைவி அதை என்னுடைய இரண்டாவது சம்சாரம் என்பாள்.

தகடுகளை அசையாமல் பிடித்துக்கொள்ள நானே ஒரு ஃபிக்சர் செய்திருந்தேன். ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து நாலு கிளாம்ப். தகட்டை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவேன்.

ஒரு நாள் காலையில், கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெண் புது இரும்புத் தகட்டோடு வந்தார். பம்பு செட் மோட்டார் எரிந்துபோய் வேறு மோட்டார் வாங்கியிருக்கிறார். அதன் கால் ஓட்டைகள் பழைய அடித்தகட்டோடு சேரவில்லை; அளவுக்கு அந்தப் பழைய தகட்டையும் கொண்டுவந்திருந்தார். வாய்க்கால் தண்ணீர் இன்னும் அவர் பக்கம் எட்டவில்லை, நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கிவிட்டது. டவுன் பட்டறையில் இரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

“பழைய தகடு மாதிரியே போடுங்க சார். ரெண்டு பக்கமும் ஓட்டைய ஒரு நூல் வெளிய தள்ளணும், அவ்வளவுதான்.”

இந்த அம்மாவுக்கு என்ன நுணுக்கம் என்று அசந்துபோனேன். சட்டையிலிருந்து ஒரு நூலை உருவி அதன் கனத்தை அளந்தே பார்த்தேன். கால் மில்லிமீட்டர் இருந்தது. அந்தக் கால் மில்லிமீட்டர் பிசகாமல் தள்ளி, நாலு ஓட்டையும் போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடவே இறங்கியது.

சாயங்காலம் தகட்டோடு திரும்பி வந்துவிட்டார்.

“போல்ட்டே எறங்கல சார்.”

நான் விடவில்லை. உருவிய நூலை எடுத்துக் காட்டினேன். அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அய்யோ சார், அங்குலத்துக்கு எட்டு நூலு. இந்தத் தகடே ரெண்டு நூல் கனம். கொத்தனாரு, ஆசாரி எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க? இன்னிக்குத் தண்ணி வுடலன்னா நாத்து போயிடும் சார்.” கண் கலங்கிவிட்டது அவருக்கு.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றும் கணக்கை முப்பது வருடம் போர்டில் போட்டவன் நான். அந்த நேரத்துக்கு இன்னொரு தகட்டுக்கு எங்கே போவது?

அப்போதுதான் ஃபிக்சர் கைகொடுத்தது. தகட்டை மாட்டினேன், காலையில் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தது. புதிதாக ஓட்டை போட வேண்டாம், காலையில் தள்ளிய கால் மில்லிமீட்டர் போக, இருப்பதையே இன்னும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெளிப்பக்கம் நீட்டினால் போதும். ஒவ்வோர் ஓட்டைக்கும் அவர் டேப்பை வைத்துப் பார்த்து “சரி சார்” என்ற பிறகே அடுத்ததைத் தொட்டேன். பிறகு அவர் கூடவே வயலுக்கும் போனேன். போல்ட் இறங்கி, மோட்டார் ஓடி, நாற்றங்காலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தச் சட்டை நூலை ஃபிக்சர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது யார் வேலை கொண்டுவந்தாலும், “எவ்வளவுன்னு விரலால காட்டுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்ட எனக்கு, தெரியாததைக் கேட்கத் தெரிந்தது அன்றைக்குத்தான்.