பூமணி தேய்த்த தேத்தாங்கொட்டை

உயிலங்குளத்துப் பூமணிக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும்! புருசன் பாம்பு கடித்துச் செத்தபின் பதினொரு எருமைகளை மேய்த்துத் தயிர் விற்றுச் சீவித்தவள். வாயும் இல்லையென்றால் அவளை உயிரோடு விட்டிருப்பார்களா?

அந்த மாரியில் குளம் கலங்கியது. ஊர் குடிக்கிற தண்ணீர். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. குளத்தை அழுக்காக்குகிறவரின் மாடுகள் பறிமுதல் என்று மன்னார் அரசாங்கக் கச்சேரியிலிருந்து கட்டளை வந்தது. மதகுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான வட்ட விதானை தில்லைநாதன் நேரே பூமணியின் படலைக்கு வந்தார்.

"உன்ர எருமையள் உழக்கித்தான் தண்ணி நாறுது. வெள்ளிக்கிழமை கச்சேரித் துரை வாறார். அண்டைக்கே அவிட்டுக்கொண்டு போவம்."

"ஓம், கையை வச்சுப் பாருங்கோவன்!" என்றாள் பூமணி.

போன கோடையில் குளத்தின் மேற்பக்கத்துப் பற்றைக்காட்டைத் தண்ணீர் விளிம்புவரை வெட்டி, செம்மண் மேட்டைச் சரிவோடு உழுது குரக்கன் விதைத்தது யார்? இந்த விதானைதான். ஊருக்குத் தெரியும். மதகு அவர் கையில் இருந்ததால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரத் துரை குளக்கரை மருதமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பூமணி அவர் கண்முன்னே குடிதண்ணீர்ப் படிக்கட்டில் ஒரு பானையும், எருமை கிடக்கிற மூலையில் ஒரு பானையும் மொண்டாள். இரண்டிலும் தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையை உரசித் தேய்த்துவிட்டுக் குந்திக்கொண்டாள். துரை இரண்டு சுருட்டுப் பிடித்து முடிக்குமட்டும் மண் அடியில் இறங்கியது. தெளிந்த தண்ணீரை மெல்ல வடித்து ஊற்றினாள். எருமைப் பானையின் அடியில் கறுத்தச் சேறு. குடிதண்ணீர்ப் பானையின் அடியில் விதானையின் மேட்டுச் செம்மண்.

"ஏன் விதானையார், என்ர எருமை செம்மண்ணோ பேலுது?"

ஊர் சிரித்தது. விதானையின் முகம் செத்துப்போயிற்று.

துரை தீர்ப்புச் சொன்னார். எருமைகள் அவளிடமே இருக்கும். ஆனால் அவை புரளக் குளத்துக்கு வெளியே தனிக்கிடங்கு வெட்டவேண்டும். மேட்டில் தண்ணீரிலிருந்து, இரு கை விரித்த நீளம் ஒரு பாகமாக, இருபது பாகத்துக்குக் கலப்பை படக்கூடாது, பற்றை வளரவேண்டும். மேற்பார்வை வட்ட விதானை.

"அறுவானே! களவெடுத்தவனையே காவலுக்கு விடுறியளோ?" என்று கத்தினாள் பூமணி. அதை மட்டும் ஒருத்தரும் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை.

கிடங்கைத் தனியாகவே வெட்டினாள். விதானை வீட்டார் அவளிடம் தயிர் வாங்குவதை விட்டார்கள். அவர்கள் படலையைக் கடக்கும்போதெல்லாம் அவள் காறித் துப்பினாள். விதைப்புக்கு முன் ஒவ்வொரு வருசமும் கயிற்றோடு மேட்டில் ஏறி இருபது பாகத்தை அளந்தாள். ஒரு உழவுச் சால் உள்ளே வந்திருந்தாலும் சந்தியில் நின்று விதானையின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். பற்றை தலைக்குமேல் வளர்ந்தது. பத்தொன்பது வருசம் ஊர் தெளிந்த தண்ணீர் குடித்தது. அவளை வாயாடி என்றும் சொன்னது.

ஒரு ஆவணியில் காய்ச்சல் கண்டு பூமணி செத்தாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் விதானையின் கலப்பை பற்றைக்குள் இறங்கியது. கயிற்றை எடுத்துக்கொண்டு போக ஊரில் ஒருத்தரும் இல்லை.

அந்த மாரிக்குக் குளம் சிவந்தது.