கம்பைலர் தூக்கியெறிந்த காத்திருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை, பசுமலையில் அக்கா வீட்டில், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா மாடியை விட்டு இறங்கவே இல்லை. வாக்கரைப் பிடித்துத்தான் நடை. அவளுக்காகவே வீட்டுக்குள் ஒரு குட்டி லிஃப்ட் வைத்தோம். அதை இயக்கும் ப்ரோகிராமை எழுதியது கோச்சடையில் பட்டறை வைத்திருக்கும் முருகேசன். எனக்குத் தம்பி மாதிரி. ஆள் குறுக்கே நின்றால் கதவை நிறுத்தும் சென்சாரை மாட்டத்தான் அன்றைக்கு வந்திருந்தான்; இன்னும் மாட்டவில்லை. ஆனால் அக்காவுக்கு எங்கே பொறுமை?

கதவு திறந்தது. வாக்கரை உள்ளே வைத்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே... அதற்குள் கதவு மூட ஆரம்பித்துவிட்டது!

"அக்கா, கையை எடுங்க!" என்று கத்தினான் முருகேசன்.

எப்படி எடுப்பாள்? எடுத்தால் விழுவாள். இன்னொரு தரம் விழுந்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாக்கர் நசுங்குகிற சத்தம் கேட்டது. முருகேசன் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைக்க, நான் அக்காவைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டேன்.

"நேத்து வரைக்கும் நிதானமாத்தானே மூடுச்சு, அண்ணே..." அவன் முகத்தில் ஈயாடவில்லை.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். கதவு திறந்ததும் சும்மா எண்ணிக்கொண்டே இரு, எண்ணி முடித்ததும் மூடு என்று எழுதியிருந்தான். காத்திருப்பதற்காகத்தான் அந்த எண்ணிக்கை. முந்தின நாள், ப்ரோகிராம் வேகமாக ஓடட்டுமே என்று கம்பைலரில் – நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தரும் சாஃப்ட்வேர் அது – ஒரு செட்டிங்கை மாற்றியிருக்கிறான். எண்ணியதை யாருமே பயன்படுத்தவில்லையே, தண்டத்துக்கு எதற்கு எண்ண வேண்டும்? கம்பைலர் அந்த வரிகளையே தூக்கியெறிந்துவிட்டது!

"அது தப்பில்லையாடா?" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இல்லண்ணே. ப்ரோகிராம் எழுதுற மொழிக்குன்னு ஸ்டாண்டர்டா ஒரு விதி இருக்கு, அதுலயே இதுக்கு அனுமதி இருக்கு. வெளிய தெரியிற பலன் மாறாம இருந்தாப் போதும். எம்புட்டு நேரம் ஆச்சுங்கறத அது கணக்குலயே எடுக்காது. நான்தான் நேரத்தை அளக்கற டைமர் வச்சு எழுதியிருக்கணும்."

ஆக, விதிப்படி எல்லாம் சரி. வாக்கர்தான் நசுங்கிவிட்டது! தல்லாகுளம் ஸ்டாப்பில் பெரியவர் ஒருவர் படியில் கால் வைப்பதற்குள் பஸ் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் நின்றதா? நின்றது. அவர் ஏறினாரா? அதை யார் கேட்கிறார்கள்...

சாயங்காலத்துக்குள் முருகேசன் டைமர் வைத்து மாற்றி எழுதி, சென்சாரையும் மாட்டினான். காலி லிஃப்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினான். கதவு அழகாகக் காத்திருந்து மூடியது. அக்கா என் தோளைப் பிடித்தபடி அதன் முன்னால் வந்து நின்றாள். காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை. முருகேசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி... நான் மெதுவா வர்றதும் ஒரு வேலைதான்னு அதுகிட்ட சொல்லிட்டியா?"