வெள்ளிக்கிழமை ரத்தம்

பல்கலைக்கழகத்தின் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், ஆய்வுக்காகப் பட்டர்வொர்த் நகர அடுக்குமாடி வீடுகளில் ரத்த மாதிரி கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். போதிய ஆள் சேராவிட்டால் ஆய்வு நின்றுவிடும். அன்று மாலை எல்லாக் கதவுகளும் மறுத்தன. கடைசி வீட்டு அக்காவின் கணவர் அந்த நோயால் ஒரு காலை இழந்தவர்; ஆனாலும் அந்த அக்காவும் மறுத்தார்.

“வெள்ளிக்கிழமை விளக்கு வச்சாச்சு மிஸ். வீட்டுலேர்ந்து உப்புகூட வெளிய கொடுக்க மாட்டோம். நீங்க ரத்தமே கேக்குறீங்களே!”

சோர்ந்துபோய்க் கீழே இறங்கினேன். மோட்டார் சைக்கிள்கள் நிற்குமிடத்தில் மாதிரிப் பெட்டியை மூடும்போது அந்த அக்கா மூச்சிரைக்க வந்து நின்றார்.

“இது வீடு இல்லதானே? எடுங்கலா. அவரு காலு போயிடுச்சு, பிள்ளைங்க காலாவது மிஞ்சட்டும்.”

விரலை நீட்டியபடியே மாடியிலிருந்த மகளை நோக்கிக் கத்தினார்: “மாலதி, நீயும் இறங்கி வாலா! போன் பாத்தது போதும்!”

ஆய்வு இன்னும் முடியவில்லை. களைத்துப்போன நாள்களில், வீட்டு வழக்கத்தையும் மீறாமல் என்னையும் வெறுங்கையோடு அனுப்பாத அவரை நினைத்துக்கொண்டுதான் அடுத்த மாடிக்கு ஏறுகிறேன்.