உப்புமா சாப்பிட்டவர்களிடம் கேட்க முடியாதவை

லாசால் பகுதியில் இருக்கும் என் சின்ன அபார்ட்மெண்டை ஜூலை முதல் தேதிக்குள் வாடகைக்கு விட்டாக வேண்டியிருந்தது. தொலைவில், கால்கரியில் புது வேலை கிடைத்திருந்தது. அங்கே வாடகை, இங்கே வங்கித் தவணை என்று இரண்டையும் கட்ட முடியாது. ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

வாடகைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். கட்டணம் ஒரு மாத வாடகை, வரி தனி.

"கதவைத் திறந்து காட்டறதுக்கு ஒரு மாச வாடகையா அக்கா?"

"ஓம் தங்கச்சி. கூடவெண்டு நினைச்சா நீங்களே காட்டிப் பாருங்கோ. பேந்து கதைப்பம்."

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். எந்த வேலையையும் படிகளாகப் பிரித்துவிட்டால் பாதி முடிந்தது என்று நம்புகிறவள். படம் எடுப்பது, விளம்பரம் போடுவது, வீட்டைக் காட்டுவது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்களா என்று பார்க்கக் கிரெடிட் ரிப்போர்ட் வாங்குவது, பழைய வீட்டு உரிமையாளரிடம் விசாரிப்பது, ஒப்பந்தம் போடுவது. முதல் மூன்றும் பிரமாதமாக நடந்தன.

மூன்றாவது கொஞ்சம் அதிகமாகவே நடந்தது. வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்தா அனுப்புவது? முதலில் வந்த மாணவ ஜோடி பசியோடு இருந்ததுபோல் தெரிந்தது, உப்புமா கிளறினேன். வீடு பிடித்திருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களை நம்பி விளம்பரத்தை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, செயின்ட்-மிஷேலில் வேறு வீடு பார்த்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார்கள். ஒரு கப் ரவைக்கு எவ்வளவு தண்ணீர் என்றும் கேட்டிருந்தார்கள்.

விளம்பரத்தை மறுபடி போட்டேன். அடுத்து வந்தவர் இரண்டு காபி குடித்தபடி தன் விவாகரத்துக் கதையைச் சொல்லி முடித்தார். அதன்பின் அவரிடம் போய்க் கிரெடிட் ரிப்போர்ட் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் பிறந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"நம்ம வீட்ல சாப்பிட்டவங்ககிட்ட அதெல்லாம் எப்படிக்கா கேக்கறது?"

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. "அதைக் கேக்கத்தானே எனக்கு ஒரு மாச வாடகை! நீங்கள் வீடு காட்டேல்லை பிள்ளை, விருந்து வச்சிருக்கிறியள்."

அவர் போட்ட ஒரே நிபந்தனை, ஆட்கள் வரும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை எதிரே டெபனூர் என்கிற மூலைக்கடை வாசலில் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் உள்ளே போனார்கள், சட்டென்று வெளியே வந்தார்கள். யார் முகத்திலும் சாப்பிட்ட களை இல்லை. ஆனால் அவர்களில் ஒரு நர்ஸ் அன்றே விண்ணப்பம் கொடுத்தார். அக்கா எல்லாவற்றையும் விசாரித்தார்; பழைய வீட்டில் வாடகை என்றைக்காவது தாமதமானதா என்பது உட்பட.

கையெழுத்துப் போட மூவரும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். என் கை தானாக காபி ஃபில்டரை நோக்கிப் போனது.

"இருங்கோ," என்றார் அக்கா. நர்ஸ் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டதும் தாள்களைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"இனிப் போடுங்கோ. எனக்குச் சீனி வேண்டாம். அந்த உப்புமாவும் கொஞ்சம் கிண்டுங்கோ பாப்பம்."