வெள்ளையம்மாவின் வலது இடுப்பு

கல்லாவிக் கிணற்றடியில் வெள்ளையம்மா நின்றால் யார் வீட்டுக் கதையும் தப்பாது. அப்படிப்பட்டவளை, ஐம்பத்து மூன்றாம் வருஷம் கடலைக்காய் பிடுங்கும் காலத்தில் பக்கவாதம் அடித்துப் போட்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மகன் முனிவேல் கோலார் சுரங்கத்திலிருந்து வந்தான். விழுந்த கைகாலுக்குப் புறா ரத்தம் தடவ ஆள் வைத்தான். லீவு முடிந்ததும் போய்விட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

பக்கத்து வீட்டு மங்கம்மாதான் ஓடிவந்தாள். "யக்கா, நீ எதுக்கு அல்லாடற? குந்து. தண்ணி நாங்க கொண்டாந்து ஊத்தறோம்."

சொன்னபடியே அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையும் மாலையும் ஊற்றினார்கள். ஊற்றிய கையோடு, அடுப்பு வேலை கிடக்கிறதென்று ஓடினார்கள். தண்ணீர் வந்தது, ஊர்ப்பேச்சு வரவில்லை. வருஷம் இரண்டு இப்படியே போயிற்று. கொடுமை என்றால் இதுதான் கொடுமை. யாரையும் திட்டவும் முடியாது.

வெள்ளையம்மா சுவரைப் பிடித்து நின்றாள், விழுந்தாள், மறுபடி நின்றாள். சுவரை விட்டால் உடம்பு இடப்பக்கமே சரிந்தது. ஒருநாள் பித்தளைக் குடத்தை நகர்த்தப்போனவள், அதை வலது இடுப்பில் தூக்கி வைத்தாள். உடம்பு நேராக நின்றது! ஆயுசு முழுக்க இடது இடுப்பில் சுமந்தவள். வலது இடுப்பு நுகத்துக்குப் பழகாத காளைபோல் முரண்டு பிடித்தது. அவளா விடுவாள்? வீட்டுக்குள்ளேயே ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி மாசக்கணக்கில் நடந்து பழகினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கிணற்றடியில் போய் நின்று, "என்னாடி சேதி?" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

தை மாதத்தில் ஒருநாள் விடிந்ததும் குடத்தோடு கிளம்பினாள். வரப்பு வழி கிட்டம்தான், ஆனால் அவள் காலுக்கு ஆகாது. வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டு, நின்று நின்று போனாள். போய்ச் சேர்ந்தபோது முதுகில் வெயில் உறைத்தது. கிணற்றடியில் ஒரு ஈ காக்கை இல்லை. கல்லில் ஈரம் மட்டும் இருந்தது. அவள் அந்தக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கேட்க ஆளில்லாததால் கொஞ்ச நேரத்தில் தானே நிறுத்திக்கொண்டாள்.

வீடு திரும்பினால், தவலை தளும்ப நிறைந்திருந்தது. வரப்பு வழியே வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் எங்கே போனாள் என்று தேடிப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை.

நின்றபடியே ஒரு வாய்க் கூழ் குடித்தாள். காலிக்குடத்தை மறுபடி வலது இடுப்பில் ஏற்றினாள். சாயங்காலத் தண்ணீருக்கு அவர்கள் கிணற்றடிக்கு வரும்போது அவள் அங்கே இருக்க வேண்டுமானால், இந்த உச்சி வெயிலிலேயே கிளம்பினால்தான் உண்டு.