ஒன்றாம் நம்பர் கொக்கி

என் அக்காவின் கணவருக்கு வாயால் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று திட்டுவது, இன்னொன்று ருசி பார்ப்பது. இரண்டிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். முதலாவதை நான் மறுக்க மாட்டேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் கால்வாசிக் கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைச் சாவிகள் அவர் இடுப்பில் தொங்கும். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்கள் கதவைத் தட்டிக் கதறினால், மேலிருந்து குனிந்து, "கத்தினா லிஃப்ட் இறங்காது. வாய மூடிட்டு நில்லுங்க" என்பார். இறக்கிவிட்ட பிறகு யாராவது நன்றி சொன்னால் அதற்கும் ஒரு திட்டு விழும். எடைக்கு மேல் ஏறியிருப்பார்கள், அல்லது ஏறியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றும்.

இரண்டு வருடமாக அவர்கள் வீட்டில், வாஷிங் மெஷின் இருக்கும் அறையில்தான் என் கட்டில். ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. என்னிடம் அத்தான் கண்டுபிடித்த ஒரே நல்ல குணம் அதுதான். சனிக்கிழமை மதியங்களில் அவரை பாருக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவன் நான். நடுவில் இரண்டு மணி நேரம், எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். பேசாதவனை யாரும் கவனிப்பதில்லை. அது எனக்கு வசதி.

அது சாதாரண பார் இல்லை. பழைய டயர் கிடங்கு ஒன்றை வாங்கி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான்கு எஃகுத் தொட்டிகளை நிறுத்தி, அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற இடம். நடத்துபவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு பெயின்ட் கம்பெனியில் கலர் கலந்துகொண்டிருந்த மனிதர். கடை திறப்பதற்கு முந்தின வாரம், பார்லி மூட்டை ஏற்றும் சரக்கு லிஃப்ட் பழுதாகி அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை முடிந்ததும் முதல் காய்ச்சலில் ஒரு கிளாஸ் கொடுத்தார். அத்தான் குடித்துவிட்டு, "கசப்பு கடைசில வருது. முதல்லயே வந்து, கடைசில போகணும்" என்றாராம். தாடி ஒரு நாள் முழுக்க யோசித்து, கசப்புக்காகப் போடுகிற ஹாப்ஸ் பூவின் நேரத்தை மாற்றினார். அந்த பீர்தான் கடையின் பெயரைத் தூக்கி நிறுத்தியது.

அதற்குக் கைம்மாறாகத்தான் கொக்கி. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக முப்பது கொக்கிகள், ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் ஒருவரின் பீங்கான் மக். ஒன்றாம் நம்பர் அத்தானுடையது. புதுக் காய்ச்சல் இறங்கும்போதெல்லாம் முதல் ஊற்று அந்த மக்கில்தான் விழும். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். அவர் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடுவார். வலது கட்டைவிரல் மட்டும் மக்கின் கைப்பிடியை ஒருமுறை மெல்லத் தடவும். மோட்டார் அறையில் கதவோரம் நின்று சத்தம் கேட்கும்போதும் அவருக்கு அதே முகம்தான். அந்த அரை நிமிடம் மட்டும் அவர் யாரையும் வெறுக்காத மனிதராகத் தெரிவார். கண்ணைத் திறந்து "ம்" என்றால் கரும்பலகையில் பெயர் எழுதப்படும். லிஃப்ட் வேலையில் அவருக்கு ஒருவரும் கொடுக்காத மரியாதை அது. வீட்டிலும் கிடையாது.

பிறகு விலை ஏறத் தொடங்கியது. ஒரு வருடத்தில் எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. கரும்பலகையில் விலை எழுதும் இடம் மட்டும், அழித்து அழித்து வெளுத்துப்போய்விட்டது.

குடிப்பவர்கள் தந்திரம் கற்றுக்கொண்டார்கள். நாலு கிளாஸ் அடிக்கிற இன்சூரன்ஸ்காரர் அரை கிளாஸுக்கு இறங்கி, "டாக்டர் சொல்லிட்டார்" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரரும் அவர் சகலையும் ஒரே கிளாஸை நடுவில் வைத்துக்கொண்டு, நீ ஒரு வாய் நான் ஒரு வாய் என்று முறை வைத்துக் குடித்தார்கள். சிலர், ருசி பார்க்கக் கொடுக்கும் சின்ன கிளாஸை நாலு தொட்டியிலிருந்தும் வாங்கிக் குடித்துவிட்டு, "எதுவும் பிடிக்கல" என்று எழுந்து போனார்கள். ஒரு கிளாஸை இரண்டு மணி நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடாக்குகிறவர்களைப் பார்த்தால் தாடிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அடை காக்கறீங்களா?" என்பார். அவரும் சும்மா இல்லை. ஓசிக் கடலையை நிறுத்தினார். போன் சார்ஜ் போடும் ப்ளக்குகளில் டேப் ஒட்டினார்.

அத்தானின் தந்திரம் எனக்கு மட்டும்தான் தெரியும். போகும் வழியில் சூப்பர் மார்க்கெட். குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருக்கும், தொழிற்சாலை பீரிலேயே மட்டமான டின் இரண்டு. பின்பக்க பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி இருபது நிமிடத்தில் இரண்டையும் காலி செய்வார். பிறகு பாருக்குப் போய் ஒரே ஒரு மக் வாங்கி, ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். அதே டின்னைப் பிறந்தநாளுக்கு வாங்கிவந்த சொந்தத் தம்பியை, "மாட்டு மூத்திரத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்று வாசலிலேயே நிறுத்தியவர் இவர்.

"முதல்ல தரை போடணும் மச்சான். மாடி அப்புறம்தான்" என்றார் என்னிடம். நான் கண்ணாடி வழியாக, வரிசையாக நின்ற தள்ளுவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரை போட ஆரம்பித்த ஆறாவது மாதம், அவர் தாடியின் பீரைக் குறை சொல்ல ஆரம்பித்தார். முதலில் என்னிடம். அடுத்து இன்சூரன்ஸ்காரரிடம். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி.

"தண்ணி கலக்கறான். விலைய ஏத்தினதும் இல்லாம தண்ணியும் கலக்கறான்."

தாடி கேட்டுக்கொண்டே கிளாஸ் துடைத்தார். அடுத்த சனிக்கிழமை சுவரில் ஒரு அட்டை தொங்கியது. மாதம் எட்டு கிளாஸுக்குக் குறைவாகக் குடிப்பவர்களின் மக், மாதக் கடைசியில் கொக்கியிலிருந்து இறக்கப்படும்.

அத்தான் அட்டையைப் படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது.

"இது யாருக்கு எழுதினது தாடி?"

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு, அண்ணே."

"என் மக்கையா இறக்குவ? இந்தக் கடைக்கு நாக்கு குடுத்தவன் நான்."

"குடுத்தீங்க. இல்லைங்கல. இப்ப அத வெச்சு என் கடைய மூடப் பாக்கறீங்க."

"தண்ணிய ஊத்திட்டுத் தண்ணின்னு சொல்லாதேன்னா எப்படி?"

தாடி துணியைக் கீழே வைத்தார். கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து, அத்தானின் முகத்துக்கு நேராகக் குனிந்து மூச்சை இழுத்தார். பெயின்ட் கம்பெனியில் இருபது வருடம் வாசனையை வைத்தே வேலை பார்த்த மூக்கு.

"டின்னு" என்றார். "ரெண்டு. மட்டமான சரக்கு. சோள வாடை அடிக்குது. அத ஊத்தி வாய மெழுகிட்டு வந்து என் பீர் தண்ணிங்கறீங்களா?"

கடை வெடித்துச் சிரித்தது. இன்சூரன்ஸ்காரர் மேசையைத் தட்டினார். "நம்பர் ஒன் நாக்குக்கு டின்னா!" டிரைவிங் ஸ்கூல்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நான் அவர்களுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தேன். இருவரிடமிருந்தும் அதே சோள வாடை வந்தது. தாடி தங்கள் பக்கம் திரும்பிவிடுவாரோ என்ற பயத்தில்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள்.

"கேஸ் விலை, பார்லி விலை, பூ விலை. எல்லாம் என் தலைல விழுது" என்றார் தாடி. "ஒரு பிடி பூ குறைச்சேனா? ஒரு நாள் முன்னாடி இறக்கினேனா? ஏத்தினது விலை மட்டும்தான் அண்ணே. பீர்ல கை வெக்கல."

"வெச்ச."

"சரி. மூணு வாரம் எதையும் தொடாம வாங்க. முதல் ஊத்து உங்களுக்குத்தான், காசு வேணாம். அதே பீர்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, அட்டைய நானே கிழிக்கறேன். கொக்கி உங்க ஆயுசுக்கும் உங்களுது. இல்ல தண்ணிதான்னா, மக்கைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க."

"வரேன்" என்றார் அத்தான். "உன் வண்டவாளத்த ஏத்தறேன் பார்."

அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. கதவைச் சாத்தினால் திட்டு, திறந்தால் திட்டு. நான் படித்துக்கொண்டிருந்த கவிதைப் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்து, "ஒரு பக்கத்துல பாதிதான் அடிச்சிருக்கான், முழு விலை வாங்கறான்" என்று தூக்கிப் போட்டார். கட்டடங்களில் இருந்து மூன்று புகார்கள் வந்தன. "குடிக்காம இருக்கும்போதுதான் இந்த மனுஷன் குடிகாரன் மாதிரி இருக்கார்" என்றாள் அக்கா. "போய்க் குடிச்சிட்டு வந்து தொலைங்க."

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை, டீயை ஒரு வாய் குடித்தவர் டம்ளரை மேசையில் இடித்து வைத்தார்.

"என்ன டீத்தூள் இது?"

"எப்பவும் போடறதுதான்."

"பொய் சொல்லாதே. இது உதிரித் தூள். நம்ம தூள் இல்ல."

அக்கா ஷெல்ஃபிலிருந்து டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நல்ல கம்பெனியின் பச்சை டப்பா. மூடியைத் திறந்து காட்டினாள்.

"ஆறு மாசமா இந்த டப்பால உதிரித் தூள்தான் கொட்டி வெக்கறேன். நல்ல தூள் விக்கற விலைக்கு நான் எங்க போவேன்? ஆறு மாசமா 'ஆஹா'ன்னு குடிச்சீங்களே, அப்ப உங்க நாக்கு எந்த மோட்டார் ரூம்ல இருந்துச்சு?"

அத்தான் ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து முகர்ந்தார். பிறகு மிச்ச டீயைக் குடிக்காமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்தது. நாக்கு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால், அது போயிருந்த காலத்தில் சொன்னதெல்லாம்?

சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டைத் தாண்டும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடை நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், பாதிப் பேர் கையில் கிளாஸ்கூட இல்லை. இன்சூரன்ஸ்காரர் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர், அவர் சகலை, எல்லோர் வாயிலும் ஏலக்காய். தாடியின் மூக்குக்குப் பயந்து மூன்று வாரமாக நடக்கும் பழக்கம் இது என்று சோடா ஊற்றுகிற பெண் சொன்னாள்.

தாடி ஒன்றாம் நம்பர் கொக்கியிலிருந்து மக்கை எடுத்தார். வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசினார். தொட்டியிலிருந்து நேராக ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, கல்லாவின் மேல் வைத்தார்.

"குடிங்க அண்ணே."

அத்தான் ஒரு வாய் வைத்தார்.

கண் மூடியது. தோள் இறங்கியது. வலது கட்டைவிரல் கைப்பிடியை ஒருமுறை, மெல்ல, மேலிருந்து கீழே தடவியது. நான் பார்த்தேன். தாடியும் பார்த்தார். தாடியின் முகத்தில் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. ஜெயித்தவன் சிரிப்பு இல்லை அது. தொலைத்த சாமான் கிடைத்தவன் சிரிப்பு.

அத்தான் கண்ணைத் திறந்தார். திறந்ததும் தாடி அவர் கண்ணில் படவில்லை. கல்லாவோரமாக, ஏலக்காயை மெல்வதை நிறுத்திவிட்டு, வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தயாராக நின்ற இன்சூரன்ஸ்காரர்தான் பட்டார். அவருக்கு அந்தப் பக்கம் டிரைவிங் ஸ்கூல். அதற்கும் அந்தப் பக்கம் முப்பது முகங்கள்.

"தண்ணி" என்றார் அத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. தாடியின் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெதுவாகக் காணாமல்போனது. அவர் மக்கை வாங்கி, மிச்சத்தைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். அலசினார். துணியால் உள்ளும் புறமும் துடைத்தார். அத்தான் கையில் கொடுத்தார்.

"போங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

நாங்கள் கதவைத் தாண்டுவதற்குள், "அப்ப ஒண்ணாம் நம்பர் யாருக்குப்பா?" என்று இன்சூரன்ஸ்காரர் கேட்பது காதில் விழுந்தது.

வண்டியில் அத்தான் மக்கை மடியில் வைத்திருந்தார். பழக்க தோஷம், நான் சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகுதான் செய்தது உறைத்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. இரண்டு வருடத்தில் நானாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அதே பீர்தானே, அத்தான்?"

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

இறங்கி உள்ளே போய் இரண்டு டின்களோடு வந்தார். ஒன்றை உடைத்து மக்கில் ஊற்றினார். நுரை உடனே செத்தது. மளமளவென்று குடித்தார், கண்ணைத் திறந்தபடியே, எதிரே நின்ற தள்ளுவண்டிகளை முறைத்துக்கொண்டு. கட்டைவிரல் கைப்பிடியின் மேல் அசையாமல் இருந்தது.